‘பெயரைச் சொல்’: ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகங்களை வட்டமாக உட்கார்ந்து உரக்கப் படிக்கும் பழக்கம் எங்கள் சின்னக் குழுவுக்கு உண்டு. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதி 1953-ல் அரங்கேறிய ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தைப் படித்த மாலைகளில் படிப்பைவிடப் பேச்சுதான் அதிகம் நடந்தது. பயம் ஓர் ஊரை என்ன செய்யும், அந்தப் பயத்திலிருந்து ஒரு நாடகாசிரியர் எப்படி நாடகம் எடுப்பார் என்பதையே ஆளாளுக்கு வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. பதில்களில் என் சாய்வும் இருக்கும். அதை நான் மறைக்கவில்லை.

படிக்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1692-ம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் சேலம் என்றொரு கிராமம். இரவில் காட்டுக்குள் ஆடிய சில பெண்பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அடிக்குப் பயந்து, தங்களுக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். யார் வைத்தது என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பெயர்கள் வருகின்றன. முதலில் ஊரில் நாதியில்லாத பெண்களின் பெயர்கள், பிறகு பகையாளிகளின் பெயர்கள், அதன் பிறகு யார் பெயர் வேண்டுமானாலும்.

பிள்ளைகளின் தலைவி அபிகேல் பொய் சொல்கிறாள் என்பது ஜான் ப்ராக்டர் என்ற விவசாயிக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமென்றால் அவளோடு தனக்கிருந்த தொடர்பைச் சபையில் போட்டு உடைக்க வேண்டும். உடைக்கிறான், அவனே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறான். சூனியக்காரன் என்று ஒப்புக்கொண்டால் உயிர் பிழைக்கலாம், மறுத்தால் தூக்கு. ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டவன் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்கு நடக்கிறான்.

தலைப்புக்கு என்ன பொருள்?

மூசை. தட்டார் பொன் உருக்கும் மண் கிண்ணம். நாடகத்தில் விசாரணையை நடத்தும் துணை ஆளுநர் டான்ஃபோர்த் தன் நீதிமன்றத்தையே அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்: இங்கே எரியும் தீ எல்லா மறைப்பையும் உருக்கிவிடும் என்கிறார். உருகுகிறது, உண்மைதான். ஆனால் உருகி வெளியே வருவது அவர் தேடிய பிசாசு இல்லை, ஊரின் பொறாமையும் நிலத்தகராறும் கள்ளக்காதலும்.

சேலம் என்றால் நம் சேலமா?

இல்லை. ‘சேலம்’ என்று எழுதினால் மாம்பழம் நினைவுக்கு வந்துவிடுகிறது என்பதால் ‘செய்லம்’ என்று எழுதுகிறேன். விவிலியத்தில் வரும் பெயர் அது. அமைதி என்று பொருள். வழக்குகள் முளைத்த செய்லம் கிராமம் இன்று டான்வர்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. விசாரணை மன்றம் கூடிய செய்லம் நகரம் பக்கத்து ஊர்.

உண்மையில் என்ன நடந்தது?

1692 தொடக்கத்தில், கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் அவருடைய 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுக்காரப் பெண் அபிகேல் வில்லியம்ஸுக்கும் வலிப்பு போல வந்தது. மருந்துக்கு அடங்கவில்லை. செய்வினை என்று முடிவு கட்டினார்கள். மார்ச் 1 அன்று மூன்று பெண்களை விசாரித்தார்கள்: பிச்சையெடுத்துத் திரிந்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்பர்ன், பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிட்டூபா. முதல் இருவரும் மறுத்தார்கள். டிட்டூபா ஒப்புக்கொண்டாள்.

அந்த வாக்குமூலத்தில் ஒரு விவரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. சாத்தானின் புத்தகத்தில் கையெழுத்தாகப் போட்ட ஒன்பது கீறல்களைப் பார்த்தேன் என்றாள் டிட்டூபா. குட், ஆஸ்பர்ன் இருவருடையதும் அதில் உண்டு. மற்றவை யாருடையவை என்று தெரியாது. எண்ணிக்கை கையில் கிடைத்துவிட்டது, பெயர்கள் கிடைக்கவில்லை. அன்று இரவு அந்தக் கிராமத்தில் எத்தனை பேர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்திருப்பார்கள்!

அதன் பிறகு 150-க்கும் மேற்பட்டவர்கள் மீது குற்றச்சாட்டு. மே மாதம் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் தனி நீதிமன்றம் அமைத்தார். ஜூன் 10 அன்று பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண் முதலில் தூக்கிலிடப்பட்டார். செப்டம்பர் 22-க்குள் 19 பேர்: 14 பெண்கள், 5 ஆண்கள். 80 வயதை ஒட்டிய கைல்ஸ் கோரி விசாரணைக்கு உட்பட மறுத்ததால், அவர் மேல் பலகை வைத்துக் கற்களை ஏற்றிக் கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையில் இறந்தார்கள்.

சிறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைதியே சாப்பாட்டுக்கும் காவலுக்கும் பணம் கட்ட வேண்டும். காலில் மாட்டிய விலங்குக்கும் கட்டணம் உண்டு. சாரா குட்டின் மகளுக்கு நாலைந்து வயது இருக்கும். அவளையும் சூனியக்காரி என்று சங்கிலியில் வைத்தார்கள், மாதக்கணக்கில். மகள் அதன் பிறகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் புத்தி இல்லாமலே வளர்ந்தாள் என்று பல வருடம் கழித்து இழப்பீடு கேட்ட மனுவில் தகப்பன் எழுதினார். மில்லர் இந்தக் குழந்தையை நாடகத்தில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் மேடை தாங்கியிருக்காது என்று நினைக்கிறேன்.

உயிரோடு எரித்தார்கள் என்று படித்தேனே?

செய்லத்தில் யாரையும் எரிக்கவில்லை. எரித்தது ஐரோப்பாவின் பல பகுதிகளில். இங்கிலாந்துச் சட்டப்படி சூனியத்துக்குத் தூக்கு, குடியேற்றத்திலும் அதே.

படித்த பாதிரிகளும் நீதிபதிகளும் எப்படி நம்பினார்கள்?

நம்பாமல் இருப்பதுதான் அன்று விசித்திரம். சூனியம் சட்டப் புத்தகத்தில் மரண தண்டனைக் குற்றம். விவிலியத்தில் அதற்கு வசனம் இருந்தது. பயத்துக்கும் வேறு காரணங்கள் வரிசையாக நின்றன. வடக்கே மெய்ன் எல்லையில் பிரெஞ்சுக்காரர்களோடும் பூர்வகுடிகளோடும் போர். அங்கிருந்து வீடு வாசல் இழந்து வந்த அகதிகள் இந்த ஊர்களில் இருந்தார்கள். குடியேற்றத்தின் ஆட்சிச் சாசனம் 1684-ல் ரத்தாகி, புதிய சாசனம் 1692 மே மாதம்தான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் யார் ஆள்கிறார்கள், யார் பெயரில் நிலப்பத்திரம் செல்லும் என்றே தெளிவில்லை. கிராமத்துக்குள் பாரிஸ் பாதிரியாரின் சம்பளத்துக்கும் அடுப்பு விறகுக்கும் சண்டை. புட்னம் குடும்பத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் எல்லைத் தகராறு.

இதற்கு மேல் சாட்சியச் சட்டம் ஒரு பொறி. ‘ஆவியுருச் சாட்சியம்’ என்று ஒன்றை நீதிமன்றம் ஏற்றது. உன் உருவம் ராத்திரி வந்து என் கழுத்தை நெரித்தது என்று ஒரு சிறுமி சொன்னால் அது சாட்சியம். நான் அப்போது என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், கணவர் சாட்சி என்று சொல்லிப் பயனில்லை. உடம்பு வீட்டில் இருக்கலாம், வந்தது உருவம்தானே! மறுக்க வழியே இல்லாத குற்றச்சாட்டு அது.

இன்னொரு பக்கம், ஒப்புக்கொண்டு அதில் நின்றவர்கள் யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, கூட்டாளிகள் யார் என்றும் சொல்ல வேண்டும். ஆக, பொய் சொன்னவர் பிழைத்தார். உண்மை சொன்னவர் செத்தார். மில்லரை இழுத்தது இந்தக் கணக்குதான்.

கெட்டுப்போன தானியத்தால் வந்த மயக்கம் என்கிறார்களே?

‘ரை’ தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சை காரணமாக இருக்கலாம் என்று 1976-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. பூஞ்சையால் வலிப்பு வரலாம். யாரைக் குற்றம் சொல்வது என்று அதற்குத் தெரியாது.

மில்லர் இதை எழுதிய 1950-களில் அமெரிக்கர்களுக்கு அப்படி என்ன பயம்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சோவியத் யூனியன் எதிரியாகிவிட்டது. 1949-ல் அங்கே அணுகுண்டு வெடித்தது. அதே ஆண்டு சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி. உள்ளே இருந்துகொண்டே யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் பரவியது. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க ஆணையிட்டார். அதே ஆண்டு பிரதிநிதிகள் சபையின் ‘அமெரிக்க விரோதச் செயல்கள் குழு’ ஹாலிவுட் எழுத்தாளர்களையும் இயக்குநர்களையும் கூண்டில் ஏற்றியது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் சிறைக்குப் போனார்கள். ஸ்டூடியோக்களில் கறுப்புப் பட்டியல் உருவானது.

1950 பிப்ரவரியில், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி வெளியுறவுத் துறையில் இருக்கும் 205 கம்யூனிஸ்ட்களின் பட்டியல் என் கையில் இருக்கிறது என்றார். சில நாளில் அது 57 ஆனது. டிட்டூபாவின் ஒன்பது கீறல்கள் இங்கே உங்களுக்கு நினைவு வராமல் போகாது: எண் உண்டு, பெயர் இல்லை. எண் மட்டும் இருக்கும்வரை எல்லோரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

பிரதிநிதிகள் சபைக் குழு கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்பது முதல் கேள்வி. அதற்கு ஆமாம் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். கூட்டத்தில் உன்னோடு யார் யார் இருந்தார்கள்? அந்தப் பெயர்கள் பெரும்பாலும் குழுவின் கோப்பில் ஏற்கெனவே இருந்தன. தகவலுக்காக அவர்கள் கேட்கவில்லை. நீ மனம் திருந்தியதை ஊர் பார்க்க ஒரு சடங்கு வேண்டும், நண்பனின் பெயர் அதற்கான காணிக்கை.

மில்லரை விசாரித்தது மெக்கார்த்திதானே?

இல்லை. மெக்கார்த்தி செனட்டர், மில்லரைக் கூப்பிட்டது பிரதிநிதிகள் சபைக் குழு. இரண்டும் வேறு வேறு அவை. ‘மெக்கார்த்தியிசம்’ என்ற சொல் காலம் முழுவதையும் போர்த்திக்கொண்டதால் வந்த குழப்பம் இது. மில்லர் கூண்டில் ஏறியபோது மெக்கார்த்தியின் செல்வாக்கு சரிந்தே போயிருந்தது.

செய்லத்தை எழுதும் எண்ணம் மில்லருக்கு எப்படி வந்தது?

‘பயத்தை எழுத ஓர் உருவகம் தேடினார், வரலாற்றில் கிடைத்தது’ என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். சூனிய வழக்குகள் பற்றிக் கல்லூரி நாளிலேயே அவருக்குத் தெரியும். மேரியன் ஸ்டார்க்கி 1949-ல் எழுதிய வரலாற்று நூலும், 1867-ல் சார்ல்ஸ் அப்ஹம் எழுதிய பெரிய ஆய்வும் அவரைத் தூண்டின. ஆனால் ஊருக்கே போய்ப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும் என்று கிளம்பியது 1952 வசந்தத்தில். கிளம்பிய அந்த நேரத்தில் நண்பர் எலியா கஸானிடமிருந்து அழைப்பு.

கஸான் யார் என்று சொல்ல வேண்டும். மில்லருடைய ‘ஆல் மை சன்ஸ்’ (1947), ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ (1949) இரண்டையும் மேடையேற்றியவர், சினிமா இயக்குநரும்கூட. இருவரும் அண்ணன் தம்பி போல. 1930-களில் சிறிது காலம் கஸான் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். மில்லர் தன்வரலாற்றில் எழுதியபடி, கனெக்டிகட்டில் கஸான் வீட்டையொட்டிய காட்டில், மழைத்தூறலில் இருவரும் நடந்தார்கள். குழுவிடம் பெயர்களைச் சொல்லப்போகிறேன் என்றார் கஸான்; சொல்லாவிட்டால் சினிமா இல்லை. மில்லருக்கு நண்பன் மேல் பரிவும் வந்தது, கூடவே ஒரு பயமும். அந்தக் காலத்தில் நானும் இவனோடு அந்தக் கூட்டங்களில் இருந்திருந்தால், என் பெயரையும் இவன் சொல்லித்தானே ஆக வேண்டும்?

காரில் ஏறப்போகும்போது கஸானின் மனைவி மாலி எங்கே போகிறீர்கள் என்று கேட்க, செய்லம் என்றார் மில்லர். மாலிக்கு உடனே புரிந்துவிட்டது. சூனியக்காரிகளையும் இதையும் ஒன்றாகப் பேசப்போகிறீர்களா என்று அதிர்ந்தார். ஊர் திரும்பும் வழியில் கார் ரேடியோவில் செய்தி: கஸான் சாட்சியம் அளித்துவிட்டார். ஏப்ரல் 10 அன்று எட்டுப் பேரின் பெயர்களைச் சொல்லியிருந்தார்.

ஆனால் நாடகம் பிறந்தது இந்தக் கோபத்திலிருந்து மட்டும் இல்லை. ஜான் ப்ராக்டரின் மனைவி எலிசபெத்தை 1692 ஏப்ரலில் விசாரித்தபோது எழுதிவைத்த பதிவில் சில வரிகள் உண்டு. அபிகேல் அவரை அடிக்கக் கை ஓங்குகிறாள். முதலில் கை மூடிய முஷ்டியாக இருந்தது. நெருங்க நெருங்க அது திறந்துகொள்கிறது. மெல்ல, மிக மெல்ல இறங்கி, விரித்த விரல்கள் எலிசபெத்தின் தலைத்துணியை லேசாகத் தொடுகின்றன. தொட்ட உடனே, ‘என் விரல், என் விரல், என் விரல் எரிகிறது’ என்று அபிகேல் கத்துகிறாள்.

எழுதியவர் நாடகக்காரர் இல்லை. பார்த்ததை எழுதிய பாரிஸ் பாதிரியார். ஓங்கிய கை ஏன் திறந்தது? இங்கேதான் ஒரு நாடகம் சாத்தியம் என்று தனக்குப் பட்டதாக மில்லர் பிற்பாடு எழுதினார். அந்தத் தயக்கத்தில் அவர் ஒரு பழைய உறவைப் பார்த்தார்: அந்த வீட்டில் வேலை செய்து துரத்தப்பட்ட பெண், துரத்திய எஜமானி, நடுவில் அவள் புருஷன். இந்தக் கை கிடைத்திருக்காவிட்டால் மில்லர் எழுதியிருக்கக்கூடியது நல்ல தலையங்கம், நாடகம் இல்லை.

ப்ராக்டருக்கும் அபிகேலுக்கும் தொடர்பு இருந்தது உண்மையா?

ஆதாரம் எதுவும் இல்லை. உண்மையான ஜான் ப்ராக்டருக்கு அப்போது 60 வயது. மது விற்கும் விடுதியும் நடத்திவந்த விவசாயி. அபிகேலுக்கு 11, 12. மில்லர் அவரை முப்பதுகளுக்கு இறக்கி, அவளை 17-க்கு ஏற்றினார். அபிகேல் ப்ராக்டர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தாள் என்றும் எழுதினார். ஆவணப்படி அந்த வீட்டில் வேலை செய்தது மேரி வாரன். அபிகேல் இருந்தது பாரிஸ் வீட்டில். வயதை மாற்றியதையும் பல நீதிபதிகளைச் சிலராகச் சுருக்கியதையும் நாடகத்தின் முன்குறிப்பில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஏன் இந்தக் கற்பனை? அப்போது மில்லரின் முதல் திருமணம் ஆட்டம் கண்டிருந்தது. 1951-ல் மர்லின் மன்றோவைச் சந்தித்திருந்தார். ப்ராக்டரின் குற்ற உணர்வில் தன்னுடையதும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. பயத்துக்கும் குற்ற உணர்வுக்கும் அவர் போட்ட முடிச்சு ஆழமானது. எல்லோரிடமும் மறைக்க ஏதோ ஒன்று இருக்கிறது, அதனால்தான் பொது விசாரணை என்றால் எல்லோரும் நடுங்குகிறார்கள். சூனியம் செய்யாதவனுக்கும் வேறொரு குற்றம் நெஞ்சில் இருக்கும்.

ஆனாலும் இங்கே நாடகம் ஒரு விலை கொடுத்தது என்றே சொல்வேன். ஓர் ஊரின் நிலத்தகராறு, போர், மதம் எல்லாம் பின்னுக்குப் போய், காமம் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் பழிவாங்கலாகக் கதை சுருங்கும் ஆபத்து. எங்கள் வாசிப்பில் இளம்பெண்கள் எழுப்பிய ஆட்சேபம் இதுதான், நியாயமானது. எஜமானனும் வேலைக்காரச் சிறுமியும் என்றால் பழி யார் மேல்? கிம்பர்லி பெல்ஃப்ளவர் இதே கேள்வியை எடுத்து, ‘ஜான் ப்ராக்டர்தான் வில்லன்’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய நாடகம் 2025-ல் பிராட்வேக்கு வந்தது. டிட்டூபாவையும் மில்லர் கறுப்பினப் பெண்ணாக எழுதினார். வழக்குப் பதிவுகள் அவளை ‘இந்தியன்’, அதாவது பூர்வகுடி என்கின்றன.

உண்மையான ப்ராக்டரும் சும்மா செத்தவர் இல்லை. 1692 ஜூலையில் சிறையிலிருந்து பாஸ்டன் பாதிரியார்களுக்கு மனு எழுதினார். என் மகனைக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும்வரை வைத்திருந்தார்கள், இப்படித்தான் ஒப்புதல் வாங்குகிறார்கள் என்று அதில் இருக்கிறது. ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிட்டார்கள். தாளைக் கிழித்தது மில்லரின் கற்பனை, மனு எழுதியது வரலாறு.

சூனியக்காரிகள் கிடையாது, கம்யூனிஸ்ட்கள் இருந்தார்களே? ஒப்பீடே தவறு இல்லையா?

மாலி கஸான் கேட்டதும் இதுதான், பல விமர்சகர்கள் கேட்டதும் இதுதான். பலமான கேள்வி. சோவியத் உளவாளிகள் அமெரிக்காவில் இருந்தது உண்மை. மில்லரின் பதில், 1692-ல் நின்றுகொண்டு சூனியக்காரி இல்லை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது என்பது. அன்றைய அறிஞர்களுக்கு அது ஐயமில்லாத உண்மை.

எனக்கு அந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. நாடகமே தரும் பதில் இதைவிட நல்லது என்பேன். குற்றவாளி உண்டா இல்லையா என்பது பற்றி அது கவலைப்படவில்லை. விசாரணை எப்படி நடக்கிறது? மறுப்பே சான்றாக எடுக்கப்படுகிறதா? கேள்வி கேட்பவனைச் சந்தேகப்படுவதே குற்றமா? பிழைக்க ஒரே வழி அடுத்தவன் பெயரா? உளவாளி நிஜமாகவே இருந்தாலும் இந்த முறை தவறுதான்.

முதல் வரவேற்பு எப்படி இருந்தது?

1953 ஜனவரி 22, நியூயார்க், மார்ட்டின் பெக் அரங்கம், ஜெட் ஹாரிஸ் இயக்கம். நாடகம் எதைப் பற்றியது என்று புரியத் தொடங்கியதும் பார்வையாளர் தலைக்கு மேல் பனிப்பாளம் படர்ந்தது போலிருந்தது என்கிறார் மில்லர். முடிந்து வெளியே வந்தபோது, நன்றாகப் பழகியவர்களே அவரைப் பார்க்காதது போலக் கடந்து போனார்களாம். மேடையில் பயத்தைக் காட்டிவிட்டு வெளியே வந்தால் கூடத்திலும் அதுவே நிற்கிறது.

விமர்சனங்கள் சுமார். ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது. 197 காட்சிகள் ஓடியது. பிற்பகுதியில் மில்லரே அரங்க அமைப்பைக் கழற்றிவிட்டு, கறுப்புத் திரை முன்னால் நடிக்கவைத்தார். ஜூன் 19 அன்று அணு ரகசியம் கடத்தியதாகத் தண்டிக்கப்பட்ட ரோசன்பர்க் தம்பதியை மின்நாற்காலியில் கொன்றார்கள். அன்று ப்ராக்டர் சாகப் போகும் காட்சி முடிந்ததும் பார்வையாளர்கள் கை தட்டாமல் தலைகுனிந்து எழுந்து நின்றார்கள் என்று மில்லர் நினைவுகூர்கிறார்.

நாடகத்துக்காக மில்லருக்குத் தொல்லை வந்ததா?

வந்தது. 1954-ல் பிரஸ்ஸல்ஸில் நாடகம் அரங்கேறியபோது போக அவருக்குப் பாஸ்போர்ட் தர மறுத்தார்கள். 1956 ஜூன் 21 அன்று குழு அவரைக் கூப்பிட்டது. சில நாளில் மர்லின் மன்றோவைக் கல்யாணம் செய்யவிருந்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அங்கே. மன்றோவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள முடிந்தால் விசாரணையை விட்டுவிடலாம் என்று தலைவர் ஃப்ரான்சிஸ் வால்டர் தரப்பிலிருந்து தூது வந்ததாக மில்லர் பிற்பாடு சொன்னார். நாடகத்தில் இப்படி ஒரு காட்சி எழுதினால் மிகை என்போம்.

கூண்டில் தன்னைப் பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். 1947-ல் நடந்த எழுத்தாளர் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டபோது மட்டும் நின்றார். இன்னொருவர் பெயரைச் சொல்லி அவருக்குக் கஷ்டம் வரவைக்க என் மனம் இடம் தராது என்ற பொருளில் பேசினார். நான்காம் அங்கத்தை எடுத்துப் பாருங்கள். என் பாவத்தை நான் சொல்கிறேன், மற்றவர் பாவத்துக்கு நான் நீதிபதி இல்லை என்கிறான் ப்ராக்டர். மூன்று வருடம் முன்னால் அவனுக்கு எழுதிக்கொடுத்த வசனத்தை எழுதியவரே பேச வேண்டி வந்துவிட்டது.

1957-ல் அவமதிப்புக் குற்றத்துக்காக 500 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும். 1958-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது.

கஸானோடு உறவு அறுந்துபோனதா?

பத்து வருடம் பேச்சு இல்லை. அந்த மௌனத்தில் இருவருமே வேலை செய்தார்கள். கஸான் 1954-ல் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’ எடுத்தார். அதில் துறைமுகக் கும்பலைக் காட்டிக்கொடுப்பவன் நாயகன். மில்லர் 1955-ல் ‘எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்’ எழுதினார். அதில் மனைவியின் உறவினர்களைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தவன் ஊரார் முன் பெயர் கெட்டுச் சாகிறான். இரண்டிலும் துறைமுகம், ஒரே செயல், எதிரெதிர் தீர்ப்பு. பிறகு 1964-ல் மில்லரின் ‘ஆஃப்டர் தி ஃபால்’ நாடகத்தை இயக்கியது யார் தெரியுமா? கஸானேதான்.

மற்ற நாடுகளில் இது ஏன் இவ்வளவு மேடையேறுகிறது?

ஓர் ஊரில் இந்த நாடகம் திடீரென்று சக்கைப்போடு போட்டால், அங்கே கொடுங்கோல் வந்துகொண்டிருக்கிறது அல்லது இப்போதுதான் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம் என்று மில்லர் சொல்வார். சீனக் கலாச்சாரப் புரட்சியில் ஆறு வருடத்துக்கு மேல் சிறையிலிருந்து, மகளையும் பறிகொடுத்த நியென் செங், ஷாங்காயில் இதைப் பார்த்துவிட்டு, சீனர் அல்லாத ஒருவர் எழுதியது என்று நம்பவே முடியவில்லை என்று அவரிடம் சொன்னாராம். விசாரணையில் கேட்ட கேள்விகள் அச்சாக அவையே. கவனியுங்கள், அங்கே விசாரித்தது கம்யூனிஸ்ட் அரசு. ‘கம்யூனிஸ்ட்களுக்கு வக்காலத்து’ என்று இந்த நாடகத்தை ஒதுக்கியவர்கள் அந்த அரங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தமிழில் படிக்கும்போது, நடிக்கும்போது எதைக் கவனிக்கலாம்?

முதலில் ஒரு சிரிப்பு. அந்தக் காலத்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்களை ‘குடி’ என்ற அடைமொழியோடு கூப்பிடுவார்கள். நல்ல இல்லாள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதை அப்படியே விட்டு ‘குடி ப்ராக்டர்’ என்று படித்தால் அவையில் யாரும் அடக்கிக்கொண்டு உட்கார மாட்டார்கள். நாங்கள் ‘ப்ராக்டர் வீட்டம்மா’ என்று மாற்றிக்கொண்டோம். நர்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட மூதாட்டி ரெபெக்காவுக்கு ‘ஆச்சி’ பொருந்தியது.

அடுத்தது மூன்றாம் அங்கத்து மஞ்சள் பறவை. பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்று அவர்களில் ஒருத்தியான மேரி வாரன் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறாள். அபிகேல் மேலே உத்தரத்தைப் பார்க்கிறாள். அங்கே ஒன்றும் இல்லை. அங்கே ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது, மேரிதான் அதை அனுப்பினாள் என்கிறாள். ‘அபி, நிறுத்து’ என்கிறாள் மேரி. ‘அபி, நிறுத்து’ என்கிறார்கள் எல்லாப் பிள்ளைகளும். மேரி சொல்வதையெல்லாம் அவள் குரலிலேயே திருப்பிச் சொல்கிறார்கள். தன் சொல்லே தனக்கு எதிராக வருவதைக் கேட்டுக் கேட்டு அவள் உடைகிறாள். ப்ராக்டரைச் சாத்தானின் ஆள் என்று காட்டிவிட்டு, ஓடிப்போய் அபிகேலைக் கட்டிக்கொள்கிறாள். ஆரம்பத்திலேயே கத்திவிடாதீர்கள். தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னால்தான் முதுகு சில்லிடும்.

மூன்றாவது, எலிசபெத்தின் ஒரே பொய். வாழ்நாளில் பொய் சொல்லாதவள் என்று கணவனே நீதிபதியிடம் சொல்லியிருக்கிறான். அவன் தவறு செய்தானா என்று கேட்கிறார்கள். அவன் முகத்தைப் பார்க்க விடாமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மானம் காக்க நினைத்து ‘இல்லை’ என்கிறாள். அந்த ஒரு சொல்லில் அவன் தலை போகிறது.

யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

சிலர். 1692 அக்டோபரில் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல் 1697-ல் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நின்றார். அவர் எழுதித் தந்த மன்னிப்பைப் பாதிரியார் சபைக்குப் படித்தார். குற்றம் சாட்டிய சிறுமிகளில் ஒருத்தியான ஆன் புட்னம் 1706-ல் அதே போல் செய்தாள். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. 1711-ல் குடியேற்ற அரசு பலரின் தண்டனையை நீக்கி இழப்பீடு கொடுத்தது.

அந்தப் பட்டியலில் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் விட்டுப்போனது. 22 வயதில் தண்டிக்கப்பட்டுத் தூக்கிலிருந்து தப்பியவள். என் பெயரையும் சேருங்கள் என்று 1712-ல் மனு கொடுத்தாள், நடக்கவில்லை. மாசசூசெட்ஸ் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, ஆசிரியரோடு சேர்ந்து விடாமல் எழுதினார்கள். 2022 ஜூலையில் அவள் மேலிருந்த குற்றம் நீக்கப்பட்டது, மாநில பட்ஜெட்டோடு சேர்ந்த ஒரு வரியில்.